பச்சை பிடிக்காத மலைத் தண்ணீர்

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த மீன் குஞ்சுப் பண்ணையில் என் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதி பேசினாள்.

"அக்கா, இப்ப ரிஷிவந்தியத்துல உரக்கடையிலயே மீனுக்கு நுண்ணூட்டப் பாக்கெட் விக்கிறாங்க. மேல மீன் துள்ளுற படம் வேற. ஆளாளுக்கு வாங்கினு போயி தொட்டியில கொட்டுறாங்க. கேக்குறவங்களுக்கு எவ்ளோன்னு சொல்றது?"

அளவைச் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பொடியின் பெயரைக் கேட்டால் எனக்குப் பயம்தான். அளவு சொல்வது எளிது. போட்ட பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அதை போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் களமருதூர்க்காரி. எங்கள் வீட்டில் நெல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாது. விலங்கியல் படித்துவிட்டு மீன் குஞ்சுப் பண்ணையில் கள உதவியாளராகச் சேர்ந்தபோது, "பொம்பள புள்ள சேத்துல எறங்கி மீன் புடிக்கப் போவுதாம்" என்று உறவில் சிரித்தார்கள். முதல் சில வருடங்கள் சாணி கரைத்தேன், வலை அலசினேன், குஞ்சுப் பைக்கு ஆக்ஸிஜன் அடைத்துக் கட்டினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் வேலை முழுவதும் ஒரு சின்னப் பசியைச் சுற்றியது. கட்லா, ரோகு முட்டையிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சு, ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் போடும் காற்புள்ளி அளவுதான் இருக்கும். வயிற்றில் கட்டிக்கொண்டு வரும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்த அன்றே அதன் வாய்க்கு அடங்கும் அளவில் உயிருள்ள இரை பக்கத்தில் நீந்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த இரைதான் பிளாங்டன். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பச்சைப் பாசி ஒரு வகை. அந்தப் பாசியைத் தின்று வளர்ந்து, வெள்ளைப் புள்ளி போலத் துள்ளும் சிற்றுயிர் இன்னொரு வகை. பாசி இல்லாமல் சிற்றுயிர் இல்லை, சிற்றுயிர் இல்லாமல் மீன் இல்லை. ஊரில் பச்சைத்தண்ணி என்றால் வெறும் தண்ணீர். எங்கள் பண்ணையில் பச்சைத்தண்ணி என்றால் சோறு.

பண்ணை மேலாளர் ஞானசேகரன் சார். ஒல்லியான மனிதர். கரையில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். தரை அதிர்ந்தால் சிற்றுயிர்கள் அடியில் போய்விடும், பிறகு எதைப் பார்ப்பது என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் கோபமோ கவலையோ ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரண நாளில் "வளர்மதி, இங்க வாம்மா" என்பார். எங்கேயோ பிசகு என்றால் "வளர்மதி, கொஞ்சம் வாங்க" ஆகிவிடும். நிலைமை முற்றிப்போனால் "தாங்கள்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சொல் காதில் விழுந்தால் பண்ணையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தண்ணீரைச் சோதிப்பதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்ற விடமாட்டார். முதலில் முழங்கை மூழ்கும்வரை கையை விட வேண்டும். உள்ளங்கை கண்ணுக்கு மங்கினால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, கூம்பு மாதிரி தைத்த மெல்லிய பட்டு வலை. அதன் நுனியில் ஒரு கண்ணாடிக் குழாய் கட்டியிருக்கும். தொட்டியின் நாலு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும் மொண்டு மொண்டு அதில் ஊற்றுவோம். கடைசியில் குழாயில் சேர்ந்ததில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் எல்லாம் செத்து அடியில் படியும். எவ்வளவு படிகிறது என்பதுதான் கணக்கு. ஆனால் உப்பு போடுவதற்கு முன் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, லென்ஸில் பார்த்தே ஆக வேண்டும்.

"நெறத்த பாத்து ஏமாறாதம்மா. நெறம் பாதிதான் சொல்லும். அதத் திங்குறது ஓடுதா பாரு" என்பார்.

ஒரு வருடம் பண்ணையில் மண் குளங்களுக்குப் பக்கத்திலேயே சிமென்ட் தொட்டிகள் கட்டினோம். மண் குளத்துக்குப் போட்ட அதே சாணம், அதே கடலைப் புண்ணாக்கு, அதே சூப்பர் பாஸ்பேட்டைத் தொட்டிக்கும் போட்டோம். குளம் பச்சையாயிற்று. தொட்டி கண்ணாடி மாதிரியே கிடந்தது. மண் தானாகக் கொடுப்பதைச் சிமென்ட் கொடுக்காது என்று சார் விளக்கினார். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, இன்னும் இரண்டு மூன்று. எல்லாமே துளித் துளிதான் வேண்டும், ஆனால் ஒன்று குறைந்தாலும் பாசி எழும்பாது. அவற்றைக் கலந்து வந்த பொடியை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். பாஸ்பேட்டுக்கு ஒரு வாளி, நுண்ணூட்டத்துக்குத் தனி வாளி. இரண்டையும் சேர்த்துக் கரைத்தால் இரும்பும் பாஸ்பேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும், பாசிக்கு எதுவும் எட்டாது. வெயில் ஏறும் காலைப் பொழுதில்தான் தெளிக்க வேண்டும். தெளித்தோம். சில நாளில் தொட்டி பசலைக் கீரை கடைந்த நிறத்துக்கு வந்தது.

அந்த மகிழ்ச்சியோடு பயமும் அன்றே ஒட்டிக்கொண்டது. செம்பும் துத்தநாகமும் கம்மியாக இருக்கும்வரை சத்து, கொஞ்சம் ஜாஸ்தியானால் விஷம். பொடியை நிறுக்கும்போது சார் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். அவரைப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்தது.

கரியாலூர் விஷயம் நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. கல்வராயன் மலையிலிருக்கும் அந்த ஊரில் பெண்கள் குழு ஒன்று தங்கள் உழைப்பிலேயே மூன்று தொட்டிகள் கட்டியிருந்தது. ஒவ்வொரு தொட்டியும் சில குடும்பங்களுக்குச் சொந்தம். முதல் தொட்டி சின்னப்பொண்ணு என்ற பெண்ணின் சுற்றத்துக்கு. கடைசித் தொட்டி குழுத் தலைவி தெய்வானையின் சுற்றத்துக்கு. ஓடைத் தண்ணீரில் ஒரு பங்கை வாய்க்கால் வெட்டித் தொட்டிக்குத் திருப்பியிருந்தார்கள். அதற்கு ஊர்ப் பெரியவரிடம் அனுமதி வாங்கவே அவர்கள் பட்ட பாடு பெரிது.

வழிகாட்டச் சொல்லி அவர்கள் கூப்பிட்டு நானும் சாரும் போயிருந்தபோது, எங்கள் முன்னாலேயே அவர் சொன்னார். "ஒரு பருவம் பாக்குறோம். மீன் வந்தா தண்ணி ஒங்களுக்கு. வரலன்னா வாய்க்கா பழையபடி வயலுக்குத் திரும்பிடும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

தெய்வானை தலையாட்டினாள். அவள் கைவிரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தொட்டியில் வாழைத் தண்டு வெட்டிப் போட்டு ஊறவைத்துச் சிமென்ட்டின் காரத்தை எடுத்தோம். சுண்ணாம்பு, சாணம், பாஸ்பேட் எல்லாம் போட்டோம். தண்ணீர் பளிங்கு மாதிரியே இருந்தது. பாறையில் வழிந்து வரும் ஓடை, அதில் எதுவும் இல்லை. நுண்ணூட்டம் போட வேண்டியதுதான், ஆனால் பண்ணை அளவை அப்படியே மலைக்குத் தூக்கி வரக்கூடாது என்றார் சார். நாலு பிளாஸ்டிக் டிரம்களில் தொட்டித் தண்ணீர் பிடித்தோம். பண்ணையிலிருந்து கேனில் கொண்டுவந்த பச்சைத்தண்ணியில் டிரம்முக்கு ஒரு குடம் ஊற்றினோம். ஒரு டிரம்முக்குப் பண்ணை அளவில் பாதி, ஒன்றுக்கு முழு அளவு, ஒன்றுக்கு இரண்டு பங்கு. நாலாவதற்கு ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே போடாத டிரம்மு எதுக்குங்க?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள்.

"அது இல்லன்னா மத்த மூணும் சொல்றது நெசமா பொய்யான்னு நமக்குத் தெரியாதுங்கம்மா" என்றார் சார்.

வெயில் நன்றாக அடித்த நாட்கள் அவை. இரண்டு பங்கு போட்ட டிரம்தான் முதலில் பச்சையாயிற்று. கண்ணைப் பறிக்கும் பச்சை. பெண்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டு, "அதே அளவ தொட்டிக்கும் போட்டுடுங்க சார்" என்றார்கள். சார் அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து வைத்து லென்ஸைத் தெய்வானை கையில் கொடுத்தார்.

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் ஓடலீங்களே சார்."

"ஓடுறது எல்லாம் செத்துப்போச்சு. பாசியத் திங்க ஆளில்ல. அதான் அது இப்படிக் கொழுத்துக் கெடக்குது. இதுல குஞ்ச விட்டா பட்டினி கெடந்தே சாவும். விஷம் மிச்சமிருந்தா அதுக்கு முன்னயே சாவும்."

முழு அளவு போட்ட டிரம்மிலும் சிற்றுயிர்கள் சோர்ந்துதான் நகர்ந்தன. எங்கள் சமவெளிக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது, அது செம்பின் வேகத்தைப் பிடித்து வைக்கும். மலைத் தண்ணீரில் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பாதி அளவு போட்ட டிரம் கடைசியில் இளம்பச்சையாக வந்தது. அதில் எடுத்த சொட்டில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அந்த அளவையே சார் மூன்று தொட்டிக்கும் நிறுத்துப் போட்டார். மீதமிருந்த பச்சைத்தண்ணியையும் ஊற்றினோம். அவர் கீழே இறங்கினார். வடக்கே எங்கோ ஒரு பயிற்சிக்கு அவர் ரயில் ஏற வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே மேகம் மூடிக்கொண்டது.

மழை இறங்கினால் மலைப்பாதையில் மண் சரியும் என்ற பயத்தில், ஏற்கெனவே பேசி வைத்த நாளைத் தள்ளிப்போடாமல் நுண்குஞ்சுப் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் மேலே போனேன். கசகசாவைக் கொட்டி வைத்தது மாதிரி பை நிறைய உயிர். தொட்டியில் எட்டிப் பார்த்தேன். அடிச் சிமென்ட்டில் கொத்தனார் கை பட்ட தடம்கூடத் தெரிந்தது. கையை விட்டால் நகக்கண் தெரிந்தது. வந்த குஞ்சைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, வழியிலேயே செத்துவிடும்.

ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் கொசுவலை மாதிரியான நெருக்கமான துணியில் தைத்த வலைத்தொட்டிலைக் கட்டி, குஞ்சுகளை அதற்குள் விட்டோம். வேறு இரை இல்லாதபோது செய்கிற ஒரு காரியம் உண்டு. முட்டையை அவித்து மஞ்சள் கருவைத் துணியில் வைத்துத் தண்ணீரில் பிசைந்தால் பால் மாதிரி கரையும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கலாம். பெண்கள் வீட்டுக் கோழி முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வைத்திருந்த முட்டைகள் அவை, எனக்குத் தெரியும். ஆனால் மஞ்சள் கரு உயிர் பிடித்து வைக்குமே தவிர வளர்க்காது. தின்னாதது தங்கினால் தண்ணீரைக் கெடுக்கும். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். வலையின் ஓரத்தில் வெள்ளையாகச் சில மிதக்கும். மறுநாள் இன்னும் சில. நான் தெய்வானை வீட்டில்தான் தங்கியிருந்தேன். என் கையெல்லாம் முட்டை நாற்றம், எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறிப் போய்ச் சாருக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே வந்தது. திரும்ப வந்தபோது மூன்று தொட்டிப் பெண்களும் தொட்டிக் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சார் இன்னா சொன்னாருங்கம்மா?" என்றாள் தெய்வானை.

"கெடைக்கலம்மா. பயிற்சியில இருப்பாரு."

"அப்ப நீங்களே இன்னொரு வாட்டி பொடி போடுங்க. மொதல்ல போட்டது பத்தல. பாத்தாலே தெரியுதுங்களே."

"வேணாம். அளவு சரியாத்தான் போட்டிருக்கோம். வெயில் இல்ல, அதான் எழும்பல. இதுக்கு மேல போட்டா கெட்டுடும்."

"வெயிலு எப்ப வர்றது? அது வர்றதுக்குள்ள இதுங்க இருக்குமா? தெனம் பெரியவரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாரு. எங்க வூட்டுக்காரரு வாய்க்கால திருப்ப மம்முட்டிய எடுத்து வெக்கட்டுமான்னு கேக்குறாரு. நீங்க வேணாம் வேணாம்னா நான் ஊருக்கு இன்னா பதில் சொல்றது?"

பொடி என் பையில் இருந்தது. இன்னும் ஒரு மடங்கு போட்டால் என்ன ஆகிவிடும் என்று என் மனமே என்னைக் கேட்டது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, டிரம்மில் நடந்தது ஏன் தொட்டியில் நடக்கவில்லை என்று நிதானமாக யோசிக்கப் பார்த்தேன். அளவு ஒன்றுதான். தண்ணீரும் ஒன்றுதான். டிரம்முக்கு வெயில் கிடைத்தது, தொட்டிக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, டிரம்முக்கு ஒரு குடம் பச்சைத்தண்ணி போயிருந்தது. அவ்வளவு பெரிய தொட்டிக்கு நாங்கள் ஊற்றிய மிச்சம் எந்த மூலைக்கு? சத்து இருக்கிறது, தின்று பெருகத்தான் உயிர் இல்லை.

"இங்க மாடு எறங்குற குட்டை ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டேன்.

அடுத்த ஊர் தாண்டி ஒன்று இருந்தது. மண் குட்டை, கரையெல்லாம் சாணி, தண்ணீர் பழுப்பும் பச்சையுமாக இருந்தது. ஒரு சொட்டு எடுத்து லென்ஸில் பார்த்தேன். உள்ளே ஒரே துள்ளல். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேயும் ஒரு பயம். குட்டைத் தண்ணீரில் குஞ்சைப் பிடித்துத் தின்னும் பூச்சிகள் இருக்கும். அதனால் முதலில் கொசுவலையில் வடிகட்டினோம், பூச்சியும் குப்பையும் மேலே நின்றுவிடும், சிற்றுயிர் இறங்கிவிடும். இறங்கியதைப் பட்டு வலையில் பிடித்துச் சேர்த்தோம். பெண்கள் இடுப்பில் குடத்தோடு மேட்டுப் பாதையில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். குடம் அலுங்கினால் சிற்றுயிர் அடிபடும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, கால் பார்த்து நடந்தார்கள். மூன்று தொட்டிக்கும் சமமாக ஊற்றினோம்.

அடுத்து காத்திருப்புத்தான். மேகம் மெல்ல விலகியது. ஒரு காலையில் சின்னப்பொண்ணு குலவையிடும் சத்தம் கேட்டு ஓடினேன். கடைசித் தொட்டி, தெய்வானையின் தொட்டி, பச்சையாகியிருந்தது. மற்ற இரண்டும் அப்போதுதான் லேசாக மங்கத் தொடங்கியிருந்தன. இது மட்டும் பளீரென்ற பச்சை.

அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பச்சையை நான் ஏற்கெனவே ஒரு டிரம்மில் பார்த்திருந்தேன். சொட்டு எடுத்தேன். ஒன்றும் ஓடவில்லை. இன்னொரு மூலையில் எடுத்தேன். ஒன்றும் இல்லை. வலைத்தொட்டிலைத் தூக்கினேன். துணியின் மடிப்பெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. கொஞ்சம் குஞ்சுகள் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"இதுல யாராச்சும் ஏதாவது போட்டீங்களா?" என்றேன்.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. தொட்டியின் வழிகுழாயிலிருந்து தண்ணீர் மெல்லிதாகக் கசிந்து ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓடையில் அதற்குக் கீழேதான் ஊர்க்காரர்கள் குடிக்க மொள்ளுவார்கள். குஞ்சை மறந்துவிட்டேன். களிமண்ணை அள்ளிக் குழாய் வாயில் அப்பினேன், ஓடினேன், அந்தக் கசிவு ஓடையில் சேரும் இடத்துக்கு முன்னால் மண்ணை இழுத்துப் போட்டு அடைத்தேன். தண்ணீர் அதுவரை போயிருக்கவில்லை. ஈரம் பாதி வழியிலேயே நின்றிருந்தது. அதை உறுதி செய்துகொள்ள அந்தப் பாதை முழுவதும் கையால் தடவிக்கொண்டே போனேன்.

நான் நிமிர்ந்தபோது தெய்வானை பின்னால் நின்றிருந்தாள்.

"நான்தாங்கம்மா போட்டேன். மரவள்ளிக்கு அடிக்கிற நுண்ணூட்டம் வூட்ல இருந்துச்சு. அதுவும் இரும்பு துத்தநாகம்தானேன்னு ஒரு பிடி போட்டேன்."

"டிரம்முல ஒன் கண்ணாலயே பாத்தியேம்மா…"

"பாத்தேன்தான். தெரியாம போடல. ஆனா காலையில போனா ஒண்ணொண்ணா மெதக்குதுங்களே. சும்மா கைய கட்டிக்கினு எப்படிங்க பாத்துக்கினு நிக்கிறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாட்களில் பொடிப் பையை நானும் எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உயிரோடு இருந்த குஞ்சுகளைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து நல்ல தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். சாயங்காலத்துக்குள் அவையும் போய்விட்டன. தொட்டித் தண்ணீரை ஓடைக்கு விடாமல் அவளுடைய மரவள்ளிக் காட்டுக்கே பாய்ச்சினோம். செடிக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் இறங்க இறங்க அவள் மடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி? நாளைக்கு பெரியவரு தண்ணிய திருப்பிட்டா எங்க தொட்டியும்தான போவும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அதன்பிறகு அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தொட்டிக்கு வருவார்கள், அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், போவார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பாரமாக இருந்தது.

சார் ஊர் திரும்பி, விஷயம் கேள்விப்பட்டு நேராக மலைக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் ஏறிக் காலித் தொட்டியைப் பார்த்தார். நான் "தாங்கள்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"வளர்மதி, இங்க வாம்மா" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி மற்ற தொட்டியில் கையை விட்டார். உள்ளங்கை மங்கியிருந்தது. சொட்டு எடுத்து லென்ஸில் பார்த்தார். "ஓடுது" என்றார். யார் போட்டது, எதற்குப் போட்டார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. தெய்வானைதான் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தான் செய்ததைச் சொன்னாள். ஊர்ப் பெரியவரும் அங்கே இருந்தார். அவர் இரண்டு தொட்டிகளையும் சுற்றி வந்தார். வலைத்தொட்டிலுக்குள் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகத் திரும்புவதைக் குனிந்து பார்த்தார். "மூணுல ரெண்டு நிக்குது. தண்ணி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

குஞ்சுகள் வலைத்தொட்டிலிலிருந்து தொட்டிக்கு மாறின. விரல் நீளத்துக்கு வளர்ந்தன. நான் வாரம் தவறாமல் போய் வந்தேன். காலித் தொட்டியைத் தெய்வானை தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு பூசி, நிரப்பி வடித்து, மறுபடியும் நிரப்பி வைத்திருந்தாள். அதில் விட ஒன்றுமில்லை. அந்தப் பருவத்துக் குஞ்சு எங்கேயும் தீர்ந்துபோயிருந்தது.

மீன் பிடிக்கும் நாள் வந்தது. சார் தராசும் அளவுகோலும் கொண்டுவந்தார். எந்தத் தொட்டியில் எத்தனை பிழைத்தது, எவ்வளவு எடை, எவ்வளவு நீளம் என்று தொட்டிவாரியாகப் பார்த்தால்தான் அடுத்த பருவத்துக்குப் பொடியின் அளவை இன்னும் செம்மை செய்யலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த விவரத்துக்காக எத்தனை மாதமாக அவர் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் இரண்டு தொட்டிகளும் காலியாக இருந்தன. கடைசித் தொட்டியில், தெய்வானை கழுவி வைத்திருந்த அந்தத் தொட்டியில், பெரிய வலைத்தொட்டில் ஒன்று கட்டியிருந்தது. அதற்குள் அத்தனை மீனும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. விடிந்ததும் வலை போட்டு இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டார்களாம்.

சார் கரையில் அப்படியே நின்றுவிட்டார். "இதுல எது எந்தத் தொட்டி மீனும்மா?"

சின்னப்பொண்ணு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றிருந்தாள். அவள் தெய்வானையைப் பார்க்கவில்லை, சாரைத்தான் பார்த்தாள்.

"எல்லாம் கரியாலூர் மீனுங்க சார். இனிமே பிரிச்சுப் பாக்க முடியாதுங்க."

தெய்வானை தள்ளி, வேலியோரம் வெறுங்கையோடு நின்றிருந்தாள். அவளுக்கு இது தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. சார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தராசை எடுத்துப் பைக்குள் வைத்தார், அளவுகோலையும் வைத்து வாயைக் கட்டினார்.

"பாத்திரம் எடுங்க. மூணு பங்கு போடலாம்" என்றார்.

சின்னப்பொண்ணு ஈரக் காலோடு வேலி வரைக்கும் நடந்துபோய், தன் அலுமினியக் குண்டானைத் தெய்வானையின் கையில் திணித்தாள்.

"புடி. மொதல் பங்கு ஒனக்கு" என்றாள்.